கணினித் திரை இருண்டு நிற்கும்போது



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. கணினி ஒன்றில் புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்துகிறோம். பெட்டியை மூடிச் சுவிட்சைப் போடுகிறோம். விசிறிகள் சுழல்கின்றன; விளக்குகளும் எரிகின்றன. ஆனால் மானிட்டரில் ஒன்றும் தெரியவில்லை. திரை இருண்டு நிற்கிறது. இதற்குக் காரணம் யாதாக இருக்கலாம்? அக்காரணத்தை எந்த முறையில் தேடுவது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை காண்பதே என் நோக்கம்.

பொருள் சிறியதாயினும் அதனால் விளையும் கலக்கம் சிறியதன்று. படத்தொகுப்பு, முப்பரிமாண வரைபடம், செயற்கை நுண்ணறிவு போன்ற துறைகளில் பயிலும் மாணவர் பலருக்கு இன்று இக்கார்டு தேவைப்படுகிறது. அதன் விலையோ எளிய குடும்பங்களுக்கு எளிதில் எட்டுவதன்று. பல மாதம் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருளைப் பொருத்திய மறுகணமே திரை இருண்டுவிட்டால், "கார்டும் போயிற்று, கணினியும் போயிற்று" என்று மனம் தானாகவே தீர்ப்புக் கூறிவிடுகிறது. அத்தீர்ப்புப் பெரும்பாலும் தவறானது. அதனை நம்பி வீண்செலவு செய்தவர்களையும், வீட்டாருக்கு அஞ்சி வாய்மூடி இருந்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

இருண்ட திரை நமக்குச் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: படம் திரைக்கு வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அது சொல்வதில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஏரி வற்றிவிட்டது என்று நாம் உடனே சொல்லிவிடுகிறோமா? ஏரிக்கும் குழாய்க்கும் இடையே மதகு உண்டு, தொட்டி உண்டு, நிலத்தடிக் குழாய் உண்டு, திருகும் உண்டு. அடைப்பு எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கணினியிலும் அவ்வாறே. செயலி தரும் கட்டளை, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையின் வழியாகக் கார்டுக்குச் செல்கிறது. கார்டு அதனைப் படமாக மாற்றிக் கம்பிவடத்தில் அனுப்புகிறது. வடம் அதனை மானிட்டரிடம் சேர்க்கிறது. இத்தனைக்கும் வேண்டிய மின்சாரத்தைத் தருவது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி. இவற்றுள் எந்த இடத்தில் தடை நேர்ந்தாலும் திரையில் காணும் விளைவு ஒன்றுதான். ஆகவே திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் புலப்படாது. வழியைப் பார்க்க வேண்டும்.

இத்தொல்லை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி 1981ஆம் ஆண்டு வெளிவந்தபோதே, படம் காட்டுவதற்கென்று ஒரு தனிக் கார்டைச் செருக வேண்டியிருந்தது. ஒரே நிறத்தில் எழுத்துகளைக் காட்டும் கார்டு ஒன்று. வண்ணம் காட்டும் கார்டு மற்றொன்று. எந்தக் கார்டு செருகப்பட்டிருக்கிறது என்பதைத் தாய்ப்பலகையில் இருந்த சிறு சுவிட்சுகளைத் தள்ளி, உடையவரே கணினிக்குத் தெரிவிக்க வேண்டும். கார்டில் கோளாறு இருந்தால் அக்கணினி ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் எழுப்பும். திரை வேலை செய்யாதபோது திரையில் எழுதிக் காட்ட இயலாதன்றோ? அதனால் ஒலியைத் துணைக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் காதுக்குச் சொல்வது என்பது வானொலி கேட்கும் உங்களுக்குப் பழகிய முறைதான். இன்று அச்சிறு சுவிட்சுகள் மறைந்துவிட்டன. எந்தக் கார்டு இருக்கிறது என்பதைக் கணினி தானே அறிந்துகொள்கிறது. ஆயினும் இருண்ட திரை மட்டும் மறையவில்லை.

ஆராயத் தொடங்குமுன் காப்பு முறைகளைக் கூறிவிடுகிறேன். பெட்டியைத் திறக்குமுன் கணினியை நிறுத்திச் சுவரிலுள்ள பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு கணினியின் பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், உள்ளே எஞ்சியிருக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி வடிந்துவிடும். கார்டைத் தொடுமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். நம் உடலில் தங்கியுள்ள நிலைமின்சாரம் நுண்ணிய சில்லுகளைக் கெடுக்க வல்லது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்கலாகாது. மின்னிணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் இருக்கும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஊறு செய்யும் அளவு மின்சாரம் தங்கியிருக்கக் கூடும்.

இனி, தேடுதலைப் பெட்டிக்கு வெளியிலிருந்து தொடங்குவோம். மானிட்டரில் "நோ சிக்னல்" என்ற வாசகம் ஒரு கணமேனும் தோன்றுகிறதா? தோன்றினால் மானிட்டர் நலமாக இருக்கிறது. படத்துக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். மானிட்டருக்கு எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளேபோர்ட், வி.ஜி.ஏ. எனப் பல வாயில்கள் இருக்கலாம். வடம் ஒரு வாயிலில் செருகப்பட்டிருக்க, மானிட்டர் வேறொரு வாயிலை நோக்கிக் காத்திருப்பதும் உண்டு. அதன் பொத்தானை அழுத்திச் சரியான வாயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது, மிகப் பலர் இடறி விழும் இடம். கணினிப் பெட்டியின் பின்புறத்தில் படவடம் செருகும் துளைகள் இரண்டு இடங்களில் இருக்கலாம். விசைப்பலகையும் சுட்டியும் செருகும் துளைகளுக்கு அருகே இருப்பவை தாய்ப்பலகைக்கு உரியவை. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி, புதிய கார்டின் விளிம்பில் இருப்பவை கார்டுக்கு உரியவை. நெடுநாள் பழக்கத்தால் வடத்தைப் பழைய துளையிலேயே செருகிவிடுகிறோம். தனிக் கார்டு இருப்பதைக் கண்டதும் பல கணினிகள் தாய்ப்பலகையின் படத்துளையை நிறுத்திவிடுகின்றன. கார்டு படத்தை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருக்க, நாமோ அடைத்த வாயிலின்முன் நின்றுகொண்டிருப்போம்! வடத்தை இடம் மாற்றிச் செருகினாலே போதும். ஒரு காசும் செலவில்லை.

பழைய வி.ஜி.ஏ. மானிட்டர் வைத்திருப்போர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். புதிய கார்டுகளில் வி.ஜி.ஏ. துளை இல்லை. எச்.டி.எம்.ஐ. இலக்க முறையில் படத்தை அனுப்புகிறது; வி.ஜி.ஏ. தொடர் அலையாகப் பெறுகிறது. இரண்டையும் வெறும் கம்பியால் இணைத்தால் பயனில்லை. இடையில் மாற்றி ஒன்று வேண்டும். அம்மாற்றியும் ஒரு திசையிலேயே வேலை செய்யும். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவது வேறு, வி.ஜி.ஏ.விலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு. கடையில் கேட்டு வாங்கும்போது இதில் கவனம் தேவை.

வெளிப்புறத்தில் குறை இல்லையெனில், கணினி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது இது. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்து மாறினால், திரை இருண்டிருந்தாலும் கணினி இயங்குகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பீப் ஒலி ஏதேனும் கேட்கிறதா என்று செவிசாயுங்கள். ஒலியின் பொருள் கணினிக்குக் கணினி மாறும். தாய்ப்பலகையுடன் வரும் கையேட்டில் அது இருக்கும். இக்காலப் பெட்டிகள் பலவற்றில் ஒலிக்கும் கருவியே இல்லாததால், ஒலி வராமையை மட்டும் வைத்து எதனையும் முடிவு செய்யலாகாது. அதற்கு ஈடாகச் சில தாய்ப்பலகைகளில் நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. அவற்றின் அருகே சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று அச்சிடப்பட்டிருக்கும். கணினி தொடங்கும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தடை இருக்கிறது எனலாம். வி.ஜி.ஏ. விளக்கு நின்றால் கார்டை நோக்குக. டிராம் விளக்கு நின்றால் ராம் நினைவகத்தை நோக்குக.

இனி நான் கூறப்போவது இத்தேடலின் நடுநாயகமான சோதனை. கார்டைப் பொருத்துமுன் கணினி நன்றாக இருந்தது. ஆகையால் அந்தப் பழைய நிலைக்கே அதனைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, வடத்தைத் தாய்ப்பலகையின் துளையில் செருகிக் கணினியைத் தொடங்குங்கள். முன்பு வேறொரு கார்டு இருந்ததாயின் அதனையே திரும்பப் பொருத்துங்கள். படம் வந்தால் தாய்ப்பலகை, செயலி, ராம், மானிட்டர் ஆகிய அனைத்தும் நலம். குறை புதிய கார்டிலோ, அதற்குரிய மின்சாரத்திலோ, அமைப்பிலோதான் இருக்க வேண்டும். ஐந்து நிமிடச் சோதனையில் ஐயத்தின் பாதி அகன்றுவிடுகிறது.

படம் வராவிட்டாலும் அவசரப்படலாகாது. எல்லாச் செயலிகளுக்கும் தாமே படம் வரையும் ஆற்றல் இல்லை. இன்டெல் செயலிகளில் பெயரின் இறுதியில் "எஃப்" என்ற எழுத்துடையவற்றுக்கும், ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600 போன்றவற்றுக்கும் அவ்வாற்றல் கிடையாது. அவை உள்ள கணினியில் கார்டைக் கழற்றினால் திரை இருண்டே இருக்கும்; அது நோயன்று, இயல்பு. சோதனை செய்யுமுன் அச்சோதனை நம் கணினிக்குப் பொருந்துமா என்று அறிவதும் சோதனையின் ஒரு பகுதியே. படம் தரும் ஆற்றல் உள்ள செயலியாக இருந்தும் திரை இருண்டிருந்தால், கார்டைச் செருகும்போது நம் கைபட்டு ராம் பட்டையோ வேறு இணைப்போ அசைந்திருக்கலாம். ராமை எடுத்து, மீண்டும் நேராக அழுத்திச் செருகிப் பார்க்க வேண்டும்.

பழைய நிலையில் படம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கார்டை மீண்டும் செருகுவோம். செயலிக்கு அருகிலுள்ள நீண்ட ஸ்லாட்டே பெரும்பாலும் அதற்குரிய இடம். கார்டை இருமுனையும் சமமாக அழுத்தினால், ஸ்லாட்டின் கோடியிலுள்ள சிறு கொக்கி 'டக்' என்ற ஒலியுடன் பற்றிக்கொள்ளும். அவ்வொலி கேளாவிட்டால் கார்டு முழுமையாக அமரவில்லை. பின்புறத் திருகைத் திருப்புளியால் முடுக்கும்போது கார்டின் மறுமுனை மேலெழும்பிவிடுவதும் உண்டு. ஆதலால் முடுக்கிய பின் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்து மின்சாரம். இதில் சிறு கணக்கு ஒன்று இருக்கிறது. ஸ்லாட்டின் வழியாகக் கார்டு பெறக்கூடிய மின்சாரம் 75 வாட் வரைதான். அதற்குமேல் வேண்டுமானால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வடம் வர வேண்டும். ஆறு முனை இணைப்பு மேலும் 75 வாட் தரும். எட்டு முனை இணைப்பு 150 வாட் தரும். எடுத்துக்காட்டாக, என்விடியாவின் ஜீஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டுக்கு 170 வாட் தேவை. ஸ்லாட் தரும் 75 வாட் அதற்குப் போதாது. எட்டு முனை இணைப்பின் 150 வாட்டும் சேர்ந்து 225 வாட் ஆனால் போதும். அக்கார்டுக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று அதனைச் செய்வோரே கூறுகின்றனர். 170 வாட் கார்டுக்கு 550 எதற்கு என்று கேட்கலாம். செயலியும் மற்ற உறுப்புகளும் அதிலிருந்தே உண்கின்றன. கார்டும் சிற்சில நொடிகளில் தன் அளவைத் தாண்டி இழுக்கிறது. எப்போதும் தலைக்குமேல் சுமை ஏற்றிய வண்டி நெடுந்தூரம் ஓடாதன்றோ?

எட்டு முனை இணைப்பிலும் ஒரு மயக்கம் உண்டு. செயலிக்கு மின்சாரம் தரும் வடமும் எட்டு முனை உடையதே. பார்வைக்கு ஒத்திருந்தாலும் இரண்டின் உள்ளமைப்பும் வேறு. செயலிக்குரிய வடத்தைக் கார்டில் வலிந்து நுழைக்கலாகாது; பொருந்த மறுக்கும் எதனையும் வன்மையால் பொருத்த முயல வேண்டாம்.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். எங்கள் ஊரில் இறுதியாண்டு பயிலும் மாணவி ஒருத்தி, சிறுபிள்ளைகளுக்கு மாலைநேரப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில், ஒருவர் பயன்படுத்திய கார்டை வாங்கிப் பொருத்தினாள். திரை இருண்டது. பழுது பார்க்கும் கடையொன்றுக்குக் கொண்டுபோனாள். சுவிட்சைப் போட்டுப் பார்த்தவர், "போர்டு போய்விட்டது, போர்டும் செயலியும் மாற்ற வேண்டும்" என்றார். அவர் சொன்ன தொகை கார்டின் விலையைவிட மிகுதி. தம்பிக்கும் அதுவே கணினி. தந்தையோ தையற்கடைத் தொழிலாளி. நான்கு நாட்கள் வீட்டில் வாய் திறவாமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் என்னிடம் வந்தாள். "ஐயா, நல்லா இருந்த கணினியை நானே கெடுத்துட்டேன்" என்பதே அவள் முதற்சொல்.

நான் பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்து மூன்று செய்திகளை எழுதச் சொன்னேன்: முன்பு எது நடந்தது, எதனை மாற்றினாய், இப்போது எதனைக் காண்கிறாய். எழுதி முடித்ததும், கார்டைக் கழற்றிப் பழைய நிலையில் கணினியைத் தொடங்கச் சொன்னேன். திரையில் படம் வந்தது. போர்டு போய்விட்டது என்ற தீர்ப்பு அந்தக் கணமே பொய்யாயிற்று. பிறகு கார்டைச் செருகி, மின்வடத்தை ஒவ்வொரு முனையாக எண்ணச் சொன்னேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வந்த வடம் ஆறும் இரண்டுமாகப் பிரிந்த எட்டு முனை வடம். ஆறு மட்டும் செருகப்பட்டிருந்தது. எஞ்சிய இரண்டும் கம்பிக்கற்றைக்குப் பின்னே தொங்கிக்கொண்டிருந்தன. எட்டையும் சேர்த்துச் செருகியதும் கணினி விழித்துக்கொண்டது. அவள் சிரிக்கவில்லை; தாளை எடுத்து, "வடத்தில் இரண்டு முனை விடுபட்டிருந்தது" என்று நான்காவது வரியாக எழுதினாள்.

கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் கருதவில்லை. அவரிடம் அனுபவம் இருந்தது. அதனால் சோதனையைத் தாண்டி முடிவுக்குப் போய்விட்டார். அனுபவம் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டலாம். பார்க்காமலே சொல்லும் உரிமையை அது தருவதில்லை.

இணைப்புகள் யாவும் சரியாக இருந்தும் படம் வரவில்லையெனில், கணினியின் அமைப்பை நோக்க வேண்டும். கணினி எவ்வாறு தொடங்க வேண்டும் என்ற குறிப்புகள் பயாஸ் என்னும் பகுதியில் உள்ளன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தாய்ப்பலகையிலுள்ள சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் நாணய மின்கலத்தைச் சில நிமிடம் எடுத்து வைத்துத் திரும்பப் பொருத்தினால், பல கணினிகளில் அக்குறிப்புகள் தொடக்க நிலைக்கு மீளும். அதன்பின் முதன்முறை தொடங்கும்போது, டி.டி.ஆர். 5 நினைவகமுள்ள கணினிகள் சில நிமிடம் இருண்டே இருக்கக்கூடும், பொறுத்திருங்கள். வட்டிலுள்ள தகவல்களைப் பிட்லாக்கர் பூட்டால் காத்திருப்போர், அதன் மீட்புச் சாவியைக் குறித்து வைத்துக்கொண்டே இதனைச் செய்தல் வேண்டும். மிகப் பழைய கார்டைப் புதிய கணினியிலோ, புதிய கார்டை மிகப் பழைய கணினியிலோ பொருத்தும்போது, யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய தொடக்க முறைக்கும் பழைய முறைக்கும் ஒத்துப்போகாமையாலும் திரை இருளலாம்.

இன்னொரு வகையும் உண்டு. தொடங்கும்போது நிறுவனத்தின் சின்னம் தெரிகிறது. விண்டோஸ் வரும் தறுவாயில் திரை இருள்கிறது. இப்போது நாம் மகிழ வேண்டும்! சின்னம் தெரிந்ததால் ஸ்லாட்டும் வடமும் மானிட்டரும் தம் வேலையைச் செய்கின்றன என்பது உறுதி. குறை பெரும்பாலும் டிரைவர் என்னும் மென்பொருளில் இருக்கும். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினால் அம்மென்பொருள் மீண்டும் தொடங்கும். அதிலும் பயனில்லையேல், சேஃப் மோட் என்ற எளிய நிலையில் கணினியைத் தொடங்கிப் பழைய டிரைவரை நீக்கிவிட்டு, கார்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதை நிறுவ வேண்டும்.

இவை அனைத்தும் முடிந்த பிறகே, "கார்டு கெட்டிருக்கலாம்" என்று சொல்லும் தகுதி நமக்கு வருகிறது. அப்போதும் நண்பர் ஒருவரின் கணினியில் அக்கார்டைப் பொருத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள். அதற்கு வேண்டிய எஸ்.எம்.பி.எஸ். அங்கே இருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். கெட்டது உறுதியானால், உத்தரவாதக் காலத்துக்குள் விற்றவரிடம் கொண்டுபோங்கள். செய்து பார்த்தவற்றை எழுதிய தாளையும் உடன் கொண்டுபோங்கள். வெறுங்கையுடன் போகிறவரிடம் பேசுவதுபோல் எழுதிக் கொண்டுபோகிறவரிடம் எவரும் பேசிவிட முடியாது.

ஒரு விதியை மட்டும் மீண்டும் சொல்லி முடிக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். வடத்தையும் ராமையும் மின்கலத்தையும் ஒரே சமயத்தில் மாற்றியபின் படம் வந்தால், படம் கிடைக்கும், காரணம் கிடைக்காது. அடுத்த முறை திரை இருளும்போது மீண்டும் முதலிலிருந்தே தடவ வேண்டியதுதான். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றையும் எழுதி வைப்பவர், இன்று ஒரு கணினியைச் சரிசெய்வதோடு நில்லாமல், நாளை அண்டை வீட்டாருக்கும் உதவ வல்லவராகிறார். என் பேச்சைக் கேட்ட உங்களுள் சிலரேனும் அத்தகையோர் ஆவீர்கள் என்று நம்புகிறேன்.